முப்பது டாலர் பலகையும் ஒரு மாணவனின் ஆய்வேடும்

கையை அருகே கொண்டுபோனால் எரிந்து, விலக்கினால் மெல்ல மங்கும் ஒரு விளக்கை வடிவமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் அழகாக வரைந்துவிடலாம். ஆனால் எவ்வளவு அருகே வந்தால் எரிய வேண்டும், எத்தனை நொடியில் மங்கினால் கண்ணுக்கு இதம் என்பது படத்தில் தெரியுமா? செய்து பார்த்தால்தான் தெரியும். முதல்முறை சரியாக வராது, பத்தாவது முறை வரலாம். ஆக, தோற்பதற்கு ஆகும் செலவு குறைவாக இருக்க வேண்டும்!

இந்தச் செலவுக் கணக்கில் பிறந்ததுதான் ஆர்டுயினோ.

வட இத்தாலியில் இவ்ரேயா என்று ஒரு சிறிய ஊர். தட்டச்சுப் பொறிக்குப் பேர்போன ஒலிவெட்டி நிறுவனம் 1908-ல் தொடங்கியது இங்கேதான். அதே ஊரில் 2001-ல் ஒரு வடிவமைப்புக் கல்லூரி வந்தது. மனிதர்களோடு 'பேசும்' பொருட்களை உருவாக்குவதுதான் பாடம். மாணவர்களில் பலருக்கு மின்னணுவியல் தெரியாது. அன்று கிடைத்த 'பேசிக் ஸ்டாம்ப்' பலகையோ 50 முதல் 100 டாலர் வரை. ஒன்றை எரித்துவிட்டால் அடுத்ததற்குக் கை நடுங்கும்.

கொலம்பியாவிலிருந்து வந்த எர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர் 2003-ல் இதையே ஆய்வேடாக எடுத்துக்கொண்டார். ஆசிரியர் மாசிமோ பான்ஸியும், 'ப்ராசஸிங்' மொழியை பென் ஃப்ரையோடு சேர்ந்து உருவாக்கிய கேஸி ரியாஸும் வழிகாட்டிகள். பர்ரகான் செய்ததன் பெயர் 'வயரிங்': ஒரு பலகை, அதற்கு எளிய மொழி, நிரல் எழுத ஒரு மென்பொருள். பதிவேடு, பிட் என்று சிப்பின் உள்விவரம் எதுவும் தெரியாமலே, இந்த முனைக்கு மின்சாரம் கொடு, ஒரு நொடி பொறு, நிறுத்து என்று எழுதினால் போதும், விளக்கு மினுக்கும்.

2005-ல் பான்ஸி, டேவிட் மெல்லிஸ், டேவிட் குவார்டியெல்யெஸ் ஆகியோர் வயரிங்கை எடுத்து, விலை குறைந்த ஏடிமெகா8 சிப்புக்கு மாற்றினார்கள். பிறகு டாம் ஐகோவும் ஜான்லூக்கா மார்ட்டினோவும் சேர்ந்தார்கள். இலக்கு விலை சுமார் 30 டாலர். பான்ஸி வழக்கமாகப் போகும் மதுக்கடையின் பெயரையே வைத்தார்கள். அந்தக் கடைக்குப் பெயர் தந்தவர் 1002-ல் இத்தாலியின் மன்னரான ஆர்டுயின்.

கல்லூரி மூடப்படும் நிலை. உழைப்பு வீணாகிவிடக் கூடாதே என்று சுற்று வரைபடம், மென்பொருள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். யாரும் செய்யலாம், விற்கலாம். பெயர் மட்டும் அவர்களுக்கு. வணிகவியல் மாணவனான எனக்கு இது தலைகீழ்ப் பாடம். ரகசியத்தைப் பூட்டி வைத்துத்தான் லாபம் என்றல்லவா நாம் படிக்கிறோம்? இங்கே திறந்ததுதான் உலகம் முழுக்கப் பரவியது. பூட்டி வைத்த ஒரே பொருள், அந்தப் பெயர். 2015-ல் நிறுவனர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நீதிமன்றம் போனதும் அந்தப் பெயருக்காகத்தான்! 2016-ல் சமாதானம் ஆனது.

அந்த ஐவரில் பர்ரகான் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதே 2016-ல் அவர் தன் தரப்பு வரலாற்றை இணையத்தில் விரிவாக எழுதினார். இன்றும் ஆர்டுயினோவில் முதல் விளக்கை எரிய வைக்கும் எவரும் எழுதுவது வயரிங்கிலிருந்து வந்த கட்டளைகளைத்தான்.

திறந்து வைத்ததை யாரும் எடுக்கலாம், சட்டப்படி தப்பில்லை. ஆனால் யாரிடமிருந்து எடுத்தோம் என்று உரக்கச் சொல்வதற்கு ஒரு டாலர்கூடச் செலவாகாதே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?