ஆடிஷனுக்கும் ஒரு வரலாறு உண்டு

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியைப் பற்றி நம் தோழர்களிடம் பேச்செடுத்தால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "அது கார்ப்பரேட் வியாபாரம், நமக்கெதுக்குத் தோழர்" என்பது ஒன்று. "திறமை இருந்தா யார் வேணும்னாலும் ஜெயிக்கலாம்ணா" என்பது மற்றொன்று. இரண்டுமே வரலாற்றைத் தொடாமல் நழுவுகிற பதில்கள். யார் பாடலாம், அந்தப் பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற காது யாருடையது, பாடுகிறவரிடமிருந்து பாட்டைத் தவிர வேறென்ன கேட்கப்படுகிறது என்ற மூன்று கேள்விகளும் தொலைக்காட்சிக்கு முன்பே இருந்தவை.

எங்கள் சீயமங்கலத்திலிருந்தே தொடங்குகிறேன். தேசூருக்குப் பக்கத்து ஊர். வெளியூர்க்காரர்கள் இங்கே வருவது முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலைப் பார்க்க. கல்வெட்டு அவனை லளிதாங்குரன் என்றும், கோயிலை அவனிபாஜன பல்லவேசுவரம் என்றும் சொல்கிறது. தூணில் ஆடும் சிவன் செதுக்கப்பட்டிருக்கிறான். தமிழகத்தில் கிடைத்திருக்கும் ஆடவல்லான் சிற்பங்களில் மிகப் பழையவற்றில் இது ஒன்று. அரசன் பெயர் கல்லில் இருக்கிறது. பாறையைக் குடைந்தவன் பெயர் இல்லை.

தெற்கே செஞ்சிக்குப் போனால் கதை வேறு மாதிரி. தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தவன். அவன் ஆண்டது கொஞ்ச காலம்தான். ஆனால் முந்நூறு ஆண்டுகளாக அவன் பெயர் நிற்கிறது என்றால், அவன் கதையைத் தெருத்தெருவாகப் பாடிச் சென்றவர்கள்தான் காரணம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டிய ராணுவத் தலங்களில் ஒன்றாக இடம்பெற்றது. மகிழ்ச்சி. பாடியவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கேயாவது இருக்கிறதா என்று நீங்கள் தேடிப் பாருங்கள்.

இந்த வட்டாரம் கூத்து வட்டாரம். பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். ஊர் ஜமா, சேரி ஜமா என்று தனித்தனி. முகவீணை, மத்தளம், தாளம், ஆர்மோனியம் இவ்வளவுதான் இசைக்கருவிகள். இந்த ஆர்மோனியப் பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் குரல் தேர்வு என்ற ஏற்பாட்டின் கதையில் அதுவும் ஒரு பாத்திரம்.

சென்னை வானொலி நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அது அந்நியக் கருவி, கமகம் வராது என்பது காரணம். கமகம் வராதுதான், உண்மை. ஆனால் ஊர் ஊராகக் கூத்து ஜமாக்களும் நாடகக் கம்பெனிகளும் தூக்கித் திரிந்த பெட்டி எது என்று பார்த்தால், அந்தத் தடை எந்தக் காதின் தீர்ப்பு என்பது விளங்கும். எழுபதுகளில்தான் அது கொஞ்சம் தளர்ந்தது.

கருவிக்குப் பிறகு ஆள். சர்தார் படேல் தகவல் ஒலிபரப்புத் துறையைக் கையில் வைத்திருந்தபோது, சொந்த வாழ்க்கை ஊரறிய அவப்பெயர் வாங்கியவர்களுக்கு வானொலியில் இடமில்லை என்று ஓர் ஆணை வந்தது. அது குறிவைத்தது வட இந்தியாவின் தவாயிஃப் பெண்களை. தலைமுறை தலைமுறையாக இந்துஸ்தானி இசையைக் காப்பாற்றி வந்தவர்களில் பெரும்பங்கு அவர்கள்தான். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் பாடுகிறவரின் வீட்டைக் கேட்கிற வழக்கம் இப்படி அரசாணையாகவே இருந்திருக்கிறது.

1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் குரல் தேர்வுக் குழுக்களை அமைத்தார். கலைஞர்கள் தேர்வுக்கு உட்பட வேண்டும், தரவரிசை உண்டு, தரத்துக்கேற்பச் சம்பளம். பெயர் பெற்ற வித்வான்களே முதலில் எதிர்த்தார்கள். அதே கேஸ்கர்தான் சினிமாப் பாட்டையும் வானொலியிலிருந்து விரட்டினார். ஜனங்கள் ரேடியோ சிலோனுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த ஓட்டத்தைத் தடுக்க முடியாமல் 1957 அக்டோபரில் விவித்பாரதி வந்தது. ரேடியோ குமிழைத் திருகியே ஓர் அமைச்சரைத் தோற்கடித்த ஜனங்கள் நாம்!

வானொலியை மொத்தமாகத் திட்டிவிட்டுப் போவது என் நோக்கமல்ல. கொல்லங்குடி கருப்பாயி போன்ற ஒரு குரல் முதலில் தமிழ்நாட்டுக்குக் கேட்டது வானொலி வழியாகத்தான். 1985இல் 'ஆண் பாவம்' படம் வந்தது அதற்குப் பிறகு. ஆனால் 'சாஸ்திரிய சங்கீதம்' என்று ஒரு கூடம், 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரு திண்ணை என்ற பிரிவினையையும் அதே வானொலிதான் உறுதிப்படுத்தியது. இன்றைய போட்டிகளில் 'ஃபோக் சுற்று' என்று ஒரு சுற்று தனியாக வருகிறதே, அது அந்தத் திண்ணைதான்.

குரல் தேர்வே இல்லாத மேடைகளும் இருந்தன. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டங்களில் வாக்காளர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். பாவலர் மலையேறிப் போய்ப் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அண்ணனோடு அந்த மேடைகளில் வளர்ந்த தம்பிதான் 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா. அவர் சாதி அடையாளத்தோடு தன்னைப் பேசுவதை விரும்பாதவர், அது அவர் உரிமை. நான் சொல்வது வேறு: தமிழ்நாட்டின் காதையே மாற்றிய அந்த இசை பயின்ற முதல் பள்ளிக்கூடம், நடுவர் யாரும் உட்கார்ந்திராத தோட்டத் தொழிலாளர் கூட்டம்.

இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்த கே.ஏ. குணசேகரனையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அதை முன்வைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது குணசேகரனின் குரல். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தினார், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார், 'வடு' என்று தன்வரலாறு எழுதினார். 2016 ஜனவரியில் இறந்தார். படிக்கிற பிள்ளைகள் 'வடு'வை முதலில் படித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

இனி தொலைக்காட்சி. சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' தொண்ணூறுகளின் நினைவு. இப்போதைய வடிவம் கடல் கடந்து வந்தது. பிரிட்டனில் 2001இல் 'பாப் ஐடல்', 2002இல் 'அமெரிக்கன் ஐடல்', 2004இல் 'இந்தியன் ஐடல்', 2006இல் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்'. அமெரிக்க நிகழ்ச்சியில் ஒரு சடங்கு உண்டு. இறுதிக் கட்டத்துக்கு வந்தவர்கள் சொந்த ஊருக்குப் போவார்கள். ஊரே திரண்டு வரவேற்கும். கேமரா பின்னாலேயே போகும். இங்கே அது போட்டியாளரின் வீட்டுக்குக் கேமரா போவதாகவும், குடும்பத்தை மேடைக்கு அழைத்து வருவதாகவும் ஆனது. அம்மா அழுவார், நடுவர் அழுவார், நாமும் வீட்டில் உட்கார்ந்து அழுவோம். நானும் அழுதிருக்கிறேன்.

ஆனால் அந்தச் சடங்கு நம் மண்ணுக்கு வந்தபோது ஒரு சிக்கல். அங்கே 'ஊரே திரண்டு' என்று சொல்லிவிடலாம். நம் கிராமத்தில் 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி கிடையாது. ஊர் வேறு, சேரி வேறு. சேரியிலிருந்து போகிற ஒரு பிள்ளையின் வீட்டைக் காட்ட வேண்டுமென்றால், கேமரா ஊர்த்தெருவைக் கடந்து, தேர் வராத அந்த எல்லையையும் கடந்து வர வேண்டும். நான் பார்த்த நிகழ்ச்சிகளில் ஓலைக் கூரை வருகிறது, ஒழுகும் ஓடு வருகிறது, கூலி வேலைக்குப் போகும் அம்மா வருகிறார். வீடு ஏன் அங்கே இருக்கிறது, நிலம் ஏன் இல்லை என்ற கேள்வி வருவதில்லை. ஏழை என்று சொல்லலாம். ஏழையானதன் காரணத்தைச் சொல்லக் கூடாது. வறுமை மழை மாதிரி வானத்திலிருந்து விழுந்ததாகக் காட்டிவிட்டு, பரிசாக ஒரு வீட்டைக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2018இல் 'சூப்பர் சிங்கர்' ஆறாவது பருவத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றார். அவரும் துணைவியார் ராஜலட்சுமியும் அதற்கு முன் பல ஆண்டுகள் திருவிழா மேடைகளில் பாடியவர்கள். சினிமாப் பாட்டைப் பிசகின்றிப் படியெடுப்பதுதான் திறமை என்றிருந்த இடத்தில், திண்ணைப் பாட்டு கூடத்துக்குள் வந்து கோப்பையை எடுத்தது. பார்வையாளர் வாக்கு இல்லாமல், வெறும் நடுவர் காதை மட்டும் நம்பியிருந்தால் நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

2023இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' நிகழ்ச்சிக்கு இலங்கை மலையகத்திலிருந்து, புசல்லாவை தோட்டத்திலிருந்து, அசானி என்ற சிறுமி வந்தாள். பட்டம் வென்றது யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா. அந்த ஆண்டு, மலையகத் தமிழர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டதன் 200ஆம் ஆண்டாக நினைவுகூரப்பட்டது. போனவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948 சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அக்கா இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. பார்த்துவரப் போவதற்கும் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், பணம் வேண்டும். இதைப் பாடப்புத்தகத்தில் படிக்காத பிள்ளைகள், ஒரு சிறுமியின் பாட்டை ஒட்டி "மலையகம்னா எது?" என்று கேட்டார்கள். பாட்டு அந்த அளவுக்கு ஒரு கதவைத் திறந்தது.

அதே கதவை 2021 மார்ச்சில் அறிவு திறந்திருந்தார். 'எஞ்சாயி எஞ்சாமி'க்குப் பின்னால் இருப்பது தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. அந்தப் பாட்டில் குடும்பம் கண்ணீருக்காகக் காட்டப்படவில்லை. காரணத்தோடு வந்தது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2018 ஜனவரி 6இல், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கானாப் பாடகர்களை வரவழைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்த 19 பேர். அதுவும் ஆடிஷன்தான், தோழர்களே! கேட்ட காது வேறு. தேடியது கமகத்தை அல்ல. அந்தக் குழுவின் ஒரே பெண் பாடகி இசைவாணியை, 2020இல் பிபிசி உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஒரு பாட்டுப் போட்டியின் ஆடிஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். இங்கிருந்து சென்னைக்குப் போவதென்றால் பஸ் காசு மட்டுமல்ல, கூடப் போகிற அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போகும். லாட்ஜில் தங்க முடியாது. நம் ஜனங்களுக்குச் சென்னையில் லாட்ஜ் என்பது உறவுக்காரர் வீடுதான். வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, எதற்குப் போனாலும் அந்த ஒரு வீடு. இவளுடைய பெரியம்மா முன்பு கூவம் கரையில் இருந்தார், சென்ட்ரலில் இறங்கினால் நடக்கிற தூரம். கரையைக் காலி செய்து அவர்களைப் பெரும்பாக்கத்துக்குத் தள்ளிய பிறகு, அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவே தனியாக ஒரு பயணம் வேண்டும். காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு நகரத்துக்குள் ஓர் உறவு வீடு இருக்கிறதா இல்லையா என்பது, சுருதி சேர்கிறதா என்பதைவிடச் சின்ன விஷயமல்ல. வெளியேற்றத்தைப் பற்றிய அறிக்கைகளில் இதெல்லாம் கணக்கில் வராது.

அவள் அம்மாவின் கவலை வேறு. "தம்பி, செலக்ட் ஆயிட்டா டிவிக்காரங்க வூட்டுக்கு வருவாங்களாமே. தெருப் பேரு கேட்டா இன்னான்னு சொல்றது?" என்று கேட்டார். ஆதார் அட்டையில் 'காலனி' என்று இருக்கிறது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். அட்டை இன்னும் மாறவில்லை. "வராம இருந்தா நல்லது" என்றார் அம்மா. "வரட்டும், நம்ம தெரு வழியாத்தான் வரணும்" என்றாள் பிள்ளை. அவர்கள் இருவருக்கும் இடையில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்டால் என்ன பேசுவது, எதைப் பேசச் சொன்னால் மறுப்பது, கையெழுத்து வாங்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். தாளைக் கையெழுத்துக்கு முன்னால் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பாட்டுத் தயார் செய்திருக்கிறாள். ஒன்று சினிமாப் பாட்டு. மற்றொன்று நடவுக்குப் போகும்போது அவள் பாட்டி பாடுவது. எதை முதலில் பாடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேசூரிலிருந்து முதல் பஸ்ஸில் போகிறார்கள்.