ஏடு காத்த மரபு

விழாக்குழுவினர் பணித்ததை முருகன் கட்டளையாக ஏற்று இவ்விழா மலரில் இதனை எழுதுகிறேன். ஆலய வரலாறு அன்பர்கள் அறிந்ததே. நான் எடுத்துக்கொண்டது நம் ஏடுகள் பிழைத்த வரலாறு.

தேவாரம் தில்லையில் பூட்டிய அறையில் கிடந்ததைத் திருமுறை கண்ட புராணம் விரித்துரைக்கும். இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் கதவைத் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து, எஞ்சியவற்றை எடுத்தனர். இக்காலத்துக்கு வேண்டுவன எஞ்சின என்று அசரீரி தேற்றியதாம். திருவாக்கு அது, எனினும், படியெடுக்கச் சோம்புவோர் அதைச் சாக்காகச் சொல்லலாகாது.

ஓலை அழியுமுன் படியெடுத்தாக வேண்டும். அதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமென்று புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். காலும் ரகரமும் மயங்கும். பொருள் தெரியாதவன் கைப்பட்டால் பாட்டே மாறிவிடும். ஆதலால்தான் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தனர் நம் பதிப்பாசிரியர்கள். 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் அச்சேறின. சைவரான ஐயர், சமணர்களிடம் கேட்டறிந்து சமணக் காப்பியத்தைப் பதிப்பித்தார்.

சிங்கப்பூராம் நம் சிங்கைக்கும் அதுவே நல்லாண்டு! யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் முருகன் மீது பாடிய ‘சிங்கை நகர் அந்தாதி’ அவ்வாண்டில் அச்சானது. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கியதும் அவ்வாண்டே. பண்டிதர் சித்திரகவியும் பாடியவர். எழுத்துகளைக் கட்டத்துள் அமைக்கும் அத்தகைய கவிதையின் சொற்களை மட்டும் தட்டெழுதினால் கட்டம் போய்விடும். பக்கத்தையே படமாகவும் எடுத்துவைக்க வேண்டும்.

அச்சுக்குப் பின் இணையம் வந்தது. நம் ஆசிரியர் நா. கோவிந்தசாமி 1995இல் சிங்கைத் தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றினார். 1998இல், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் எழுந்தது. 2015இல், நாட்டின் பொன்விழாவை ஒட்டி, அருண் மகிழ்நன் முன்னின்ற தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் ஏறத்தாழ 350 நூல்களை மின்னாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்தது. தொண்டூழியர் பலர் துணைநின்றனர்.

அன்பர்களே! பழைய கும்பாபிஷேக மலர், சங்க ஆண்டறிக்கை, பாட்டனாரின் பாட்டு நோட்டு எவையிருப்பினும், வீடு மாறும்போது பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்தாரிடம் காட்டுங்கள். பிள்ளைகளைக் கொண்டு படம் எடுத்து, எழுதியவர் பெயரும் ஆண்டும் குறித்துவையுங்கள். இம்மலரின் படியொன்றும் அங்கே சேரவேண்டும். அது விழாக்குழுவினர் கடன். முருகன் திருவருள் முன்னிற்க!