குருமானில் ஒரு வாரம்: ராபர்ட் – மேரி மொஃபட் இணையர்

ராபர்ட் மொஃபட் (1795–1883), மேரி மொஃபட் (1795–1871) ஆகிய இருவரும் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் தென்னாப்பிரிக்காவின் குருமானில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணியாற்றியவர்கள். பைபிளை ட்ஸ்வானா மொழிக்குக் கொண்டுவந்தவர் என்று ராபர்ட் அறியப்படுகிறார். ஆய்வுப்பயணி டேவிட் லிவிங்ஸ்டனின் மாமனார், மாமியார் என்ற அளவிலும் இவர்களைக் குறிப்பிடுவதுண்டு. 1850களில், இருவரும் அறுபது வயதை எட்டியிருந்தபோது, அவர்களுடைய ஒரு வாரம் எவ்வாறு கழிந்தது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது. இது ஒரு குறிப்பிட்ட வாரத்தின் நாட்குறிப்பு அன்று. அவர்களுடைய கடிதங்களிலிருந்தும், ராபர்ட் 1842இல் வெளியிட்ட நூலிலிருந்தும் தெரியவரும் நடைமுறையைத் தொகுத்துச் சொல்வதாகும். அவர்கள் அவ்விடத்துக்கு எப்படி வந்து வேரூன்றினார்கள் என்பதை விளக்க, முந்தைய ஆண்டுகளின் நிகழ்ச்சிகளும் இடையிடையே வருகின்றன.

வாரம் என்னும் புதுமை

குருமான் பகுதியில் வாழ்ந்த பட்லாபிங் மக்கள் ட்ஸ்வானா இனக்குழுக்களில் ஒரு பிரிவினர். அவர்கள் நிலவைக் கொண்டு மாதத்தைக் கணித்தனர். நிலத்தைக் கொத்தும் பருவத்தை ‘செலெமெலா’ என்ற விண்மீன் கூட்டம் அறிவித்தது. நாம் கார்த்திகை என்று அழைப்பதும் அதே கூட்டம்தான். ஏழு நாள் கொண்ட வாரம் அவர்களிடம் இருக்கவில்லை. அது மிஷனரிகளோடு வந்தது.

இன்றைய ட்ஸ்வானா மொழியில் செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான கிழமைகளுக்கு ‘இரண்டாவது’, ‘மூன்றாவது’, ‘நான்காவது’, ‘ஐந்தாவது’ என்று எண்ணுப் பெயர்களே வழங்குகின்றன. சனிக்கிழமை ‘மட்லாட்சோ’. அது துவைத்தல், கழுவுதல் என்ற பொருள்தரும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. ஞாயிறு ‘லட்ஷிபி’. ‘ட்ஷிபி’ என்றால் இரும்பு. ஆலய மணிக்கும் அதுவே பெயர். எண்ணி எண்ணி உழைத்து, ஆறாம் நாள் துவைத்து, ஏழாம் நாள் மணியோசை கேட்டுக் கூடும் ஒரு மிஷன் நிலையத்தின் கால அட்டவணையை அந்தக் கிழமைப் பெயர்களில் அப்படியே காணலாம்.

குருமானுக்கு வந்த வழி

ராபர்ட் ஸ்காட்லாந்தின் ஓர்மிஸ்டனில் பிறந்தவர். தொழிலால் தோட்டக்காரர். இங்கிலாந்தின் டக்கின்ஃபீல்டில் அவர் வேலை செய்த நாற்றுப்பண்ணையின் உரிமையாளர் மகளே மேரி ஸ்மித். ராபர்ட் 1817 தொடக்கத்தில் கேப் டவுன் சேர்ந்தார். மகளைத் தொலைதேசத்துக்கு அனுப்ப மேரியின் பெற்றோருக்கு முதலில் மனம் வரவில்லை. பிறகு இசைந்தனர். 1819 டிசம்பரில் கேப் டவுனில் திருமணம் நடந்தது. அதே லண்டன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையர் நாகர்கோவிலுக்கு வந்துசேர்ந்ததும் 1819இல்தான்.

1824இல் மொஃபட் இணையர் நிலையத்தைக் குருமான் ஆற்றின் ஊற்றுக்கு அருகே மாற்றி அமைத்தனர். வறண்ட நிலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி லிட்டர் நீரைத் தரும் ஊற்று அது. தோட்டக்காரருக்கு வேறென்ன வேண்டும்! இதற்கு முந்தைய இடத்தில் தண்ணீருக்கு அவர்கள் பட்ட பாடு பெரிது. மிஷனரிகள் வெட்டிய வாய்க்காலை ஊர்ப் பெண்கள் தங்கள் தோட்டங்களுக்குத் திருப்பிக்கொள்வார்கள். கொளுத்தும் வெயிலில் ராபர்ட் மண்வெட்டியோடு போய் அடைத்துவிட்டு வருவார். திரும்பி வருவதற்குள் மறுபடி உடைத்திருப்பார்கள். ராபர்ட்டின் நூலில் இது ஒரு குறையாகவே வருகிறது. அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால், யாருடைய ஆற்றுநீர் அது என்று திருப்பிக் கேட்டிருக்கக்கூடும்.

வேலை நாட்கள்

திங்கள் தொடங்கி வெள்ளி வரை ராபர்ட்டின் மேசையில் மொழிபெயர்ப்பே முதன்மை. ட்ஸ்வானா மொழியை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. படிக்கப் புத்தகமும் இருக்கவில்லை. 1827இல் குடும்பத்தை விட்டுச் சில வாரங்கள் ஊர்மக்களிடையே தங்கி, அவர்கள் பேச்சைக் கேட்டே கற்றார். லூக்கா நற்செய்தியை முதலில் மொழிபெயர்த்து 1830இல் கேப் டவுனுக்குக் கொண்டு சென்றார். அரசு அச்சகத்தில் ஆள் இல்லாததால் தாமே அச்சுக் கோர்க்கவும் கற்றுக்கொண்டார். 1831இல் ஓர் அச்சு இயந்திரம் மாட்டு வண்டியில் குருமானுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைத் தாள் உள்ளே போய் எழுத்துகளோடு வெளியே வருவதைக் கண்டு ஊர்மக்கள் வியந்தனர். புதிய ஏற்பாடு 1840இல் லண்டனில் அச்சானது. எஞ்சியிருந்த பழைய ஏற்பாடே 1850களின் பெரும்பாரம். அச்சுப் பணியில் வில்லியம் ஆஷ்டன் என்ற உடன்பணியாளர் துணைநின்றார்.

ஆனால் மேசையில் உட்கார விட்டால்தானே! ஒருவர் உடைந்த கருவியோடு வருவார். ராபர்ட் கொல்லன் உலைக்குப் போகவேண்டும். இன்னொருவர் நோயோடு வருவார், மருந்து கொடுக்கவேண்டும். வண்டிச் சக்கரம், தோட்டம், வாய்க்கால், வழிப்போக்கர் எல்லாம் அவர் பொறுப்பே. 1854இல் உடல்நிலை குன்றிப்போய், ஓய்வு வேண்டி நெடும்பயணம் ஒன்றை மேற்கொண்டார். ஓய்வுக்காக அவர் போன இடம், வடக்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த அரசர் ம்ஸிலிகாஸியின் நாடு! 1829 முதல் அவ்வரசருடன் ராபர்ட்டுக்கு நட்பு இருந்தது. இப்பயணங்களில் அவர் எழுதிய குறிப்புகள் மேரிக்கு எழுதும் கடிதங்களாகவே அமைந்துள்ளன.

அவர் இல்லாத மாதங்களிலும் நிலையத்தின் அன்றாட வேலை நிற்கவில்லை. ரொட்டி, வெண்ணெய், சோப்பு, மெழுகுவர்த்தி அனைத்தும் மேரியின் கையால் அல்லது மேற்பார்வையால் நடந்தன. விருந்தினர் வராத வாரம் அரிது. வடக்கே செல்லும் வேட்டைக்காரர், வணிகர், பயணிகள் என எல்லோருக்கும் குருமான் ஒரு தங்குமிடம். ஊர்ப் பெண்களுக்கு மேரி ஒரு தையல் பள்ளியும் நடத்தினார். தோல் ஆடையைத் தைப்பது அங்கே ஆண்களின் வேலை. பெண்கள் கொத்தும் களைக்கொட்டும் பிடித்தவர்கள். காப்புக் காய்த்த விரல்களுக்கு ஊசி எளிதில் அடங்கவில்லை என்று ராபர்ட் எழுதுகிறார்.

நேர்மாறான மாற்றமும் நடந்தது. மாட்டைத் தொடுவது பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. ஆகவே மாடு பூட்டிய ஏர் வந்தவுடன் உழவு பெண்கள் கையிலிருந்து ஆண்கள் கைக்கு மாறத் தொடங்கியது. இந்த மாற்றத்தை மானிடவியலாளர்களான ஜீன் கோமரோஃப், ஜான் கோமரோஃப் இணையர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மிஷனரிகள் மதத்தை மட்டும் கொண்டுவரவில்லை, ஒரு நாளின் வேலைப் பங்கீட்டையே மாற்றினர் என்பதற்கு இது ஒரு சான்று.

சனிக்கிழமை

மேரி புதிதாக வந்த காலத்தில் இங்கிலாந்துக்கு எழுதிய ஒரு கடிதம் தமிழ் வாசகர்களுக்குச் சிரிப்பைத் தரும். வீட்டுத் தரைகளை வாரம் ஒருமுறையாவது மாட்டுச் சாணத்தால் மெழுகுகிறார்கள் என்று அதில் எழுதுகிறார். மற்றொரு மிஷனரியின் மனைவி அதைச் செய்வதைப் பார்த்தபோது, இந்த அழுக்கு வேலை நமக்கு வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியதாம். சில காலம் சென்றதும் நிலைமை தலைகீழானது. சாணம் புழுதியை அடக்குகிறது, தெள்ளுப்பூச்சியைக் கொல்கிறது, தரை பச்சை நிறத்தில் தெளிவாக இருக்கிறது. சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கவே பொறுமை இல்லை என்கிறார். நம் பாட்டிமாருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிராத உண்மையை, ஒரு நாற்றுப்பண்ணை முதலாளியின் மகள் ஆறாயிரம் மைல் கடந்து கற்றுக்கொண்டார்.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை நிலையத்தின் மணி ஒலிக்கும். தொடக்க ஆண்டுகளில் அம்மணியே ஒரு வழக்கின் பொருளாக இருந்தது. நெடிய வறட்சிக் காலத்தில் மழை வருவிப்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். மழை பொய்க்கவே, மணியோசை கேட்டு மேகங்கள் அஞ்சி ஓடுகின்றன என்று பழி அதன்மேல் வந்தது. தலைவர்களில் ஒருவர் ஈட்டியோடு வந்து, மிஷனரிகள் வெளியேற வேண்டும் என்று கூறினார். கொல்ல வேண்டுமானால் கொல்லுங்கள், நாங்கள் போகமாட்டோம் என்று ராபர்ட் மார்பைத் திறந்து காட்டினார். மேரி கைக்குழந்தையுடன் குடிசை வாசலில் நின்றிருந்தார். வந்தவர்கள் கலைந்து சென்றனர்.

அன்று அஞ்சப்பட்ட மணியைக் கேட்டு 1850களில் மக்கள் கூடினர். 1838இல் திறக்கப்பட்ட கல் ஆலயம் நூற்றுக்கணக்கானோரைக் கொள்ளும். அதன் உத்தரங்களுக்கான மரங்கள் வெகுதொலைவிலிருந்து மாட்டு வண்டிகளில் கொண்டுவரப்பட்டவை. கூரை வைக்கோலால் வேயப்பட்டது. அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. பல ஆண்டுகள் ஒருவர்கூட மதம் மாறாதிருந்தபோது, இங்கிலாந்திலிருந்து ஒரு தோழி என்ன அனுப்பட்டும் என்று மேரியைக் கேட்டார். திருவிருந்துக்கான பாத்திரங்களை அனுப்பு, ஒருநாள் தேவைப்படும் என்று மேரி பதில் எழுதினார். 1829இல் முதன்முதலாகச் சிலர் திருமுழுக்குப் பெற்றனர். முதல் திருவிருந்துக்குச் சற்று முன்னதாக அப்பாத்திரங்கள் வந்துசேர்ந்தன.

பிள்ளைகள்

வாரத்தில் எந்த நாளிலும் நீங்காத ஒன்று பிள்ளைகளைப் பற்றிய கவலை. பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். மூத்த பெண்கள் ஆன், மேரி இருவரும் கிரஹாம்ஸ்டவுன் அருகேயுள்ள சேலம் என்ற ஊரின் பள்ளியில் விடப்பட்டனர் (நம் ஊர் சேலம் அன்று, பைபிளில் வரும் பெயர் கொண்ட மற்றோர் ஊர்). பின்னர் சில பிள்ளைகள் கல்விக்காக இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டனர். கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

மகள் மேரி 1845இல் லிவிங்ஸ்டனை மணந்தார். 1850இல் பாலைநிலம் கடந்த ஒரு பயணத்துக்குப் பிறகு அவர்களுடைய பெண்குழந்தை பிறந்து சில வாரங்களில் இறந்தது. மறு ஆண்டே, மீண்டும் கருவுற்றிருந்த மனைவியையும் சிறுவர்களையும் அதே வழியில் அழைத்துச் செல்ல லிவிங்ஸ்டன் துணிந்தபோது மாமியார் மிகக் கடுமையாகக் கடிதம் எழுதினார். ஊழியத்தின் பெயரால் எதையும் தாங்கிய மேரி, இதைத் தாங்கவில்லை. லிவிங்ஸ்டன் நிற்கவும் இல்லை. ஆனாலும் 1854இல் ராபர்ட் வடக்கே சென்றபோது மருமகனுக்கான பொருள்கள் வண்டியில் சென்றன. அவற்றை ம்ஸிலிகாஸியின் ஆட்கள் ஜாம்பெசி ஆற்றங்கரை வரை சுமந்து சென்று வைத்தனர். எதிர்க்கரை மக்கள் சூனியமோ என்று அஞ்சினாலும், ஒரு தீவில் சேர்த்து மேலே குடிசை போட்டுக் காத்தனர். 1855இல் லிவிங்ஸ்டன் வந்து பார்த்தபோது எல்லாம் அப்படியே இருந்தன. மகள் மேரி 1862இல் அதே ஜாம்பெசிக் கரையில், ஷுபாங்காவில், காய்ச்சலால் இறந்தார்.

முடிந்த மொழிபெயர்ப்பு

1857இல் பழைய ஏற்பாடு முடிந்தது. கடைசி வசனத்தை எழுதியபின் தாம் உலகில்தான் இருக்கிறோமா என்பதையே நம்ப முடியவில்லை என்றும், முழந்தாளிட்டு நன்றி கூறியதாகவும் ராபர்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இந்த உழைப்புக்கு மறுபக்கமும் உண்டு. ட்ஸ்வானா மக்கள் தம் முன்னோரை ‘பதிமோ’ என்று அழைத்து வணங்கினர். பைபிளில் வரும் பேய்களைக் குறிக்க ராபர்ட் அச்சொல்லையே கையாண்டார். குலதெய்வத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்துப் பிசாசுக்கு வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? போட்ஸ்வானாவின் அறிஞர் மூசா டூபே 1999இல் எழுதிய கட்டுரையில் இதைக் கடுமையாக விமர்சித்தார். மக்களிடையே தங்கி, அவர்கள் வாயிலிருந்தே மொழியைக் கற்ற ஒருவர் அச்சொல்லின் பொருளை அறியாமல் செய்தார் என்று சொல்வது கடினம். ராபர்ட்டுக்கு மொழியைக் கற்றுத் தந்த ட்ஸ்வானா மக்களின் பெயர்கள் பைபிளின் முகப்பில் இடம்பெறவில்லை. வாரம் முழுதும் அந்த மேசைக்கு நேரம் தேடித் தந்த மேரியின் பெயரும் இல்லை.

விடைபெறுதல்

1870 மார்ச் 20, ஞாயிறு அன்று ராபர்ட் குருமானில் கடைசியாகப் பிரசங்கித்தார். அவ்வாரம் வெள்ளியன்று, மார்ச் 25இல், இருவரும் வண்டி ஏறினர். வழியனுப்பத் திரண்ட மக்கள் நடந்தும் வண்டியிலுமாகச் சிறிது தூரம் உடன் வந்தனர். இருவருக்கும் வயது எழுபத்துநான்கு. இங்கிலாந்து சேர்ந்து சில மாதங்களில், 1871 ஜனவரியில் மேரி லண்டனில் இறந்தார். தமக்காக ஜெபிக்க ஐம்பத்துமூன்று ஆண்டுகள் அவர் இருந்தார் என்பதே ராபர்ட் அப்போது சொன்ன முதல் வார்த்தை என்று கூறப்படுகிறது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த அவர், ட்ஸ்வானா பைபிளைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். 1883 ஆகஸ்ட் 9இல் கென்ட் மாவட்டத்தின் லீ என்ற ஊரில் காலமானார்.