திரும்பி வரும் கடமை: பணியிடைக் கல்வி நல்கைகளின் வரலாற்றில் ஒரு நிபந்தனை

செசில் ரோட்சின் உயிலிலிருந்து பிறந்த ஆக்ஸ்ஃபோர்டு உதவித்தொகை இளைஞர்களுக்கு உரியது. வேலையில் ஊறிப்போனவர்களை மீண்டும் வகுப்பறைக்கு அனுப்பும் எண்ணம் அதற்குப் பிந்தியது. அதற்கு நிலைத்த வடிவம் தந்தவற்றுள் முதன்மையானது ஹார்வர்டின் நீமன் நல்கை.

‘மில்வாக்கி ஜர்னல்’ நாளேட்டை நிறுவிய லூசியஸ் நீமனின் மனைவி ஆக்னஸ், இதழியலின் தரத்தை உயர்த்தும்படி பத்து லட்சம் டாலருக்கு மேல் ஹார்வர்டுக்கு எழுதிவைத்தார். அப்போதைய தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் வேதியியலாளர். இதழியல் பள்ளி தொடங்க அவருக்கு விருப்பமில்லை. பணியிலிருக்கும் செய்தியாளர்களை ஓராண்டு அழைத்து, விரும்பியதைப் படிக்கவிடும் வழியை அவர் தேர்ந்தார். அதிலும் அவருக்கு ஐயம் இருந்தது. 1938-இல் ஒன்பது பேர் வந்தனர். தேர்வில்லை, பட்டமில்லை. ஆனால், விடுப்பு தந்த நாளேட்டுக்கே திரும்பிச் செல்ல வேண்டும். உரிமையாளர்கள் தங்கள் ஆளை இழக்க அஞ்சாதிருக்க இந்த நிபந்தனை தேவைப்பட்டது. அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடைப்பட்ட ஏற்பாடு. அரசுக்கு அதில் இடமில்லை.

1950-களில் வெளிநாட்டவர் வரத் தொடங்கியதும் கணக்கு மாறியது. காமன்வெல்த் நாட்டவருக்குக் கார்னகி நிறுவனமும், ஆசியச் செய்தியாளர்களுக்கு ஆசியா ஃபவுண்டேஷனும் பணம் தந்தன. பின்னது சிஐஏ நிதி பெற்றுவந்தது 1967-இல் அம்பலமானது. பெற்றவர்களை இதற்காகக் குறைசொல்வது நியாயமல்ல. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

திரும்பும் நிபந்தனையின் அடிப்படை எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டியவர் தென்னாப்பிரிக்கர் நாட் நகாசா. ‘டிரம்’ இதழில் எழுதியவர். ‘தி கிளாசிக்’ என்ற இலக்கிய இதழை நிறுவியவர். அவ்விதழுக்குப் பணம் தந்த ஃபார்ஃபீல்டு ஃபவுண்டேஷனும் சிஐஏயின் மறைமுக வழியே என்பது பின்னர் தெரிந்தது. 1964-இல் அவருக்கு நீமன் நல்கை கிடைத்தது. நிறவெறி அரசு கடவுச்சீட்டு தர மறுத்தது. மீண்டும் நாட்டுக்குள் வர முடியாது என்ற விதியுடன் கூடிய வெளியேறும் அனுமதியை மட்டுமே தந்தது. அதை ஏற்றுப் புறப்பட்டார். 1965 ஜூலையில் நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தபோது வயது 28. அவருடைய உடல் எச்சம் 2014-இல்தான் டர்பனுக்குக் கொண்டுவரப்பட்டது. திரும்பிப் போக ஒரு நாடு இருக்கும், அது கதவைத் திறந்தே வைத்திருக்கும் என்று நல்கையின் விதிகள் எடுத்துக்கொண்டிருந்தன.

1978-இல் காலமான முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியின் நினைவாக அதிபர் கார்ட்டரின் அரசு தொடங்கிய நல்கை, பட்டமற்ற ஓராண்டு என்ற நீமன் வடிவத்தை ஒத்தது. வளரும் நாடுகளின் அதிகாரிகள், பொதுநலத் துறை வல்லுநர்கள் பத்து மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தங்குகிறார்கள். இங்கே திரும்பும் கடமை முதலாளியிடம் இல்லை. விசா சட்டத்தில் இருக்கிறது. முடித்தவர் தாய்நாட்டில் இரண்டாண்டு வாழ்ந்த பிறகே அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற முடியும். விலக்கு பெறுவது எளிதல்ல.

நாற்பது ஆண்டுகளில் செய்தி அறைக்குத் திரும்புவது நாட்டுக்குத் திரும்புவதாக ஆனது. நல்கை பெற்றவரின் நலன் கருதி இது நடக்கவில்லை. செலவை ஏற்றவர் மாறினார். அவருக்கு வேண்டியது, தன்னை அறிந்த ஒருவர் அந்நாட்டு அலுவலகம் ஒன்றில் அமர்ந்திருப்பது.