இறங்க இடம் தேடிய விமானங்கள்

1935 அக்டோபர் 29 அன்று பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே டாடா நிறுவனம் விமானத் தபாலைத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்டது ஃபாக்ஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் விமானம். ஒட்டுப்பலகை உடல், துணி போர்த்திய இறக்கைகள். பயணிகளுக்கு எஞ்சினை ஒட்டி மூடிய சிறு அறை உண்டு. விமானி அவர்களுக்குப் பின்னால், கூரையில்லாத குழியில், முகத்தில் காற்று அறைய உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டி வந்தவர் நெவில் வின்ட்சென்ட். உள்ளே திருவிதாங்கூரின் பம்பாய் வணிக முகவர் காஞ்சி துவாரகாதாஸ் இருந்தார். தபாலில் திருவிதாங்கூரின் சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்கு வைசிராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் இருந்தது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சல் மூட்டையுடன் விமானம் பம்பாய்க்குத் திரும்பியது.

கோவா, கண்ணூர் என்று கடலோரமாகவே போனது அந்த வழி. தேயிலை விளைந்த தேவிகுளமும் பீர்மேடும் அன்று அதே மகாராஜாவின் ஆட்சியில்தான் இருந்தன. ஆனாலும் இன்றைய இடுக்கி மாவட்டத்தின் அந்த மலைகளில் விமானம் இறங்க ஒரு திடல்கூட இல்லை.

2,695 மீட்டர் உயர ஆனைமுடியைத் தாண்டும் அளவுக்கு ஃபாக்ஸ் மாத் மேலே ஏறும். சிக்கல் உயரத்தில் இல்லை. ஒற்றை எஞ்சின் நின்றுபோனால் விமானம் சறுக்கிக்கொண்டே இறங்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் விமானிக்குக் கீழே ஒரு சமதளம் வேண்டும். கடலோரத்தில் மணற்பரப்பு இருக்கிறது. மலையிலோ காடும் சரிவும்தான். போதாக்குறைக்கு, முகட்டைத் தாண்டிய காற்று மறுபக்கம் கீழ்நோக்கி இழுக்கும். மேகம் வந்து கண்ணை மறைக்கும். ரேடியோ இல்லாமல், தரையைப் பார்த்தே வழி கண்டுபிடித்த காலம் அது.

சிறு விமானத்தின் வரலாற்றை அது பறந்த தூரத்தை வைத்துச் சொல்வது வழக்கம். அது இறங்கிய இடங்களை வைத்துச் சொல்வதே சரி. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் புஸ் மாத் விமானத்தை ஓட்டிவந்தார். அகமதாபாத்தில் அவருக்காகப் பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்தன. பம்பாயின் ஜுஹூ திடல் அன்று மழைக்காலத்தில் சேறாகிவிடும். அந்த மாதங்களில் தபால் விமானம் பூனாவுக்கு இடம் மாறியது. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுசேர்த்தவரும் இதே வின்ட்சென்ட்தான்.

தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுக்கும் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலம். 1862 வாக்கில் சென்னை ரயில் பாதை மேற்குக் கடற்கரையை எட்டியது இதன் வழியாகத்தான். மலையேற விரும்பாத சிறு விமானத்துக்கும் இதுவே இயல்பான வாசல். ஆனால் ஆடி மாதத்தில் இந்த வாசலில் புகுந்து வரும் காற்று சாதாரணமானதல்ல. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான்.

இறங்க இடம் கிடைத்தவர்களின் கதை வேறு. இதே பாலக்காட்டில் பொறியியல் படித்த அசோக் தாமராக்ஷன் பிரிட்டனில் குடியேறி, கொரோனா முடக்கக் காலத்தில் உதிரிப்பாகங்களை வாங்கி நான்கு இருக்கை ஸ்லிங் விமானம் ஒன்றைத் தானே கட்டினார். அதில் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் குடியரசு வரை பறந்தார். அவருடைய திறமையும் உழைப்பும் பெரியவை. அதோடு, சிறு விமானங்களை வரவேற்கும் இறங்குதளங்களும் ஐரோப்பாவில் ஏராளம்.

தொடுபுழை அருகே தட்டக்குழையைச் சேர்ந்த சஜி தாமஸுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. பிறவியிலேயே காது கேளாத, வாய் பேச முடியாத அவர் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்தது முதல் விமானமே நினைவாக வாழ்ந்தார். பல ஆண்டுகள் பாடுபட்டு இரண்டு இருக்கை விமானம் ஒன்றை உருவாக்கினார். 2014இல் அது பறந்தது இடுக்கியில் அல்ல. மலைக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில்தான் அதற்கு ஓடுபாதை கிடைத்தது. அப்படி ஒரு மனிதர் பிறந்த மாவட்டத்தில் ஒரு கீற்றுச் சமதளம்கூட இல்லாமல் போனதே என்று மனம் ஆறவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் குறை நீங்கியது. குமுளிக்கு அப்பால், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த வண்டிப்பெரியாரை அடுத்துச் சத்திரம் என்ற ஊர் இருக்கிறது. புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடந்து போகும் பக்தர்கள் புறப்படும் இடம். அங்கே என்.சி.சி. மாணவர் பயிற்சிக்காக 650 மீட்டர் ஓடுபாதை அமைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் முதன்முதலாக வந்த விமானம், பாதையை ஒட்டி நின்ற மண்மேடு காரணமாக இறங்க முடியாமல் திரும்பியது. அடுத்து வந்த மழையில் பாதையின் ஒரு பகுதி சரிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று, வைரஸ் எஸ்.டபிள்யூ.80 என்ற இரண்டு இருக்கை விமானம் ஒன்று சத்திரத்தில் தரையைத் தொட்டது.