தொழிற்சாலைப் பாகங்களும் வெளிச்சந்தைப் பாகங்களும்: அமெரிக்கக் கார் மாற்றியமைப்பின் வரலாறு

ஒரு காரை அதன் உரிமையாளர் தம் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வது கார் மாற்றியமைப்பு எனப்படும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. காரைச் செய்த நிறுவனமே தன் விலைப்பட்டியலில் கூடுதலாகத் தரும் பாகங்களைக் கேட்டு வாங்குவது ஒன்று. வேறு நிறுவனங்களோ பட்டறைகளோ செய்து விற்கும் பாகங்களை வாங்கிப் பொருத்துவது மற்றொன்று. முன்னவை தொழிற்சாலைப் பாகங்கள், பின்னவை வெளிச்சந்தைப் பாகங்கள்.

தொழிற்சாலைப் பாகம் என்றால் நம்பகமானது, வெளிச்சந்தைப் பாகம் என்றால் ஐயத்துக்குரியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் இந்த இரண்டும் வளர்ந்த கதையைப் பார்த்தால் இந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை. நிறுவனங்களின் விலைப்பட்டியலில் பெருமையுடன் இடம்பெற்ற பல பாகங்கள் வெளியே இருந்த பட்டறைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. அவற்றை வடிவமைத்தவர்களில் சிலரும் அந்தப் பட்டறைகளிலிருந்து வந்தவர்களே.

ஃபோர்டு மாடல் டி காலம்

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்டது. மொத்தம் 1.5 கோடிக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. விலையைக் குறைப்பதே ஹென்றி ஃபோர்டின் குறிக்கோளாக இருந்ததால், காரில் பல வசதிகள் இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் கருவிகூடக் கிடையாது. இருக்கையைத் தூக்கி, தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு நிறமும் இல்லை.

இந்தக் குறைகளை நம்பியே ஒரு தனித்தொழில் வளர்ந்தது. பெட்ரோல் அளவுகாட்டி, கூடுதல் பிரேக், வெப்பமூட்டி என்று எத்தனையோ பொருள்களை வெளியார் செய்து விற்றார்கள். சியர்ஸ் ரோபக் நிறுவனம் தன் அஞ்சல் வழி விற்பனைப் பட்டியலில் இவற்றுக்காகப் பல பக்கங்களை ஒதுக்கியது. மலைப்பாங்கான ஊர்களில் இருந்தவர்கள் ரக்ஸ்டெல் என்ற இரட்டை வேகப் பின் அச்சைப் பொருத்திக்கொண்டார்கள். இது வெளியார் தயாரிப்பு என்றாலும் ஃபோர்டு விற்பனையாளர்கள் வழியாகவே விற்கப்பட்டது. உள்ளே, வெளியே என்ற எல்லை அப்போதே மங்கத் தொடங்கிவிட்டது.

எஞ்சினிலும் கை வைத்தார்கள். செவ்ரொலெட் சகோதரர்கள் இண்டியானாபொலிஸ் நகரில் செய்த ஃபிரான்டெனாக் சிலிண்டர் ஹெட் மாடல் டி எஞ்சினின் திறனைப் பெரிதும் கூட்டியது. அதைப் பொருத்திய ஒரு ஃபோர்டு கார் 1923 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஐந்தாம் இடம் பிடித்தது. செவ்ரொலெட் என்ற பெயரைத் தாங்கிய நிறுவனத்தை விட்டு விலகிய லூயி செவ்ரொலெட், ஃபோர்டு கார்களுக்குப் பாகம் செய்து விற்றார் என்பது சுவையான முரண்.

ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியில் சென்றது. வாங்குபவர் வெளியே தேடுவதைத் தாமே தரலாமே என்பது அதன் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோனின் கணக்கு. பல நிறங்கள், பல விலைகள், ஆண்டுதோறும் புதிய தோற்றம் என்று அவர் விரித்தார். 1927இல் தோற்ற வடிவமைப்புக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியபோது அதற்குத் தலைவராக வந்தவர் ஹார்லி ஏர்ல். லாஸ் ஏஞ்சலஸில் திரைப்பட நட்சத்திரங்களுக்காகத் தனித்தனி வடிவில் கார் உடல்களைச் செய்து கொடுத்த தந்தையின் பட்டறையில் தொழில் பழகியவர் அவர்.

வறண்ட ஏரிகளில் பந்தயம்

1932இல் ஃபோர்டு குறைந்த விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் ஒரு காரை வெளியிட்டது. 3.6 லிட்டர் கொள்ளளவு, 65 குதிரைத் திறன். சில ஆண்டுகளில் இந்தக் கார்கள் பழைய கார் சந்தைக்கு வந்தன. கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டு போன்ற எடைகளைக் கழற்றிப் போட்டு, எஞ்சினைத் திருத்தி, மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். இப்படித் திருத்திய கார்களுக்கு ஹாட் ராட் என்ற பெயர் நிலைத்தது. 1937இல் தெற்குக் கலிபோர்னியச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து இந்த ஓட்டங்களுக்கு விதிகள் வகுத்தன. 1948 ஜனவரியில் ஹாட் ராட் என்ற பெயரிலேயே ஒரு மாத இதழும் வந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் பட்டறை நடத்திய விக் எடல்பிராக், இரண்டு கார்பரேட்டர்களைத் தாங்கும் காற்றுக்குழாய்த் தொகுதி ஒன்றை வார்த்து விற்றார். தம் காருக்காகச் செய்ததைப் பிறரும் கேட்டதால் பிறந்த வணிகம் அது. அமெரிக்காவின் பெயர்பெற்ற வெளிச்சந்தை நிறுவனங்களில் பலவற்றின் தொடக்கம் இத்தகையதே.

டன்டோவின் கடிதம்

சோரா ஆர்க்கஸ் டன்டோவ் 1909இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். ரஷ்ய யூதக் குடும்பம். பெர்லினில் பொறியியல் படித்து, போர்க்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தார். நியூயார்க்கில் தம் தம்பியுடன் ஆர்டன் என்ற நிறுவனத்தை நடத்தினார். ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினில் வால்வுகள் பக்கவாட்டில் இருந்தன. சூடான புகை எஞ்சினின் உடலைச் சுற்றியே வெளியேறியதால் பாரம் ஏற்றிய லாரிகளில் எஞ்சின் கொதித்துவிடும். வால்வுகளை மேலே அமைத்த புதிய சிலிண்டர் ஹெட் ஒன்றை ஆர்டன் செய்தது. லாரிக்காகச் செய்ததை ஹாட் ராட்காரர்கள் தேடி வாங்கினார்கள். ஆக, பின்னாளில் செவ்ரொலெட்டின் புகழ்பெற்ற பொறியாளராக விளங்கியவர், முதலில் ஃபோர்டு கார்களுக்கு வெளிச்சந்தைப் பாகம் செய்தவர்.

1953 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் கொர்வெட் காரைக் கண்டு மயங்கிய டன்டோவ், அதே ஆண்டு மே மாதம் செவ்ரொலெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். டிசம்பர் 16 அன்று மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இளைஞர்கள், ஹாட் ராட்காரர்கள், செவ்ரொலெட் ஆகியோரைப் பற்றியது அது. வேகக் கார் இதழ்களைத் திறந்தால் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஃபோர்டுதான் இருக்கிறது என்றார். இன்று ஃபோர்டை நோண்டும் பையன் நாளை புதுக் கார் வாங்கும்போதும் ஃபோர்டையே வாங்குவான். செவ்ரொலெட் விரைவில் தன் எட்டு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டாலும், ஃபோர்டுக்காகப் பட்டறைகள் பல ஆண்டுகள் திரட்டிய அனுபவம் அதற்கு இருக்காது. எனவே கேம் ஷாஃப்ட், வால்வு, காற்றுக்குழாய், பிரேக் போன்றவற்றை நிறுவனமே சோதித்துச் செய்து தர வேண்டும்.

இதற்கு ஒரு தடை இருந்தது. மரியாதையான குடும்பக் கார் நிறுவனம் வேகத்துடனும் ஹாட் ராட்டுடனும் பெயர் சேர்க்க முடியாது. டன்டோவ் அதற்கும் ஒரு சந்து காட்டினார். அந்தப் பாகங்களைக் கொர்வெட் காரின் வழக்கமான விருப்பப் பாகங்களாகப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும், வேண்டியவர்கள் தாமே கண்டுகொள்வார்கள் என்பது அவர் யோசனை. முன்னாள் வெளிச்சந்தை வணிகர் ஒருவருக்குத்தான் இப்படி எழுத வரும்.

அப்படியே நடந்தது. 1955 செவ்ரொலெட்டின் 4.3 லிட்டர் எஞ்சின் சாதாரணமாக 162 குதிரைத் திறன் தந்தது. பெரிய கார்பரேட்டரும் இரட்டைப் புகைக்குழாயும் கேட்டு வாங்கினால் 180. ஹாட் ராட் பட்டறைகள் முதலில் மாற்றும் இரண்டு பாகங்களையும் தொழிற்சாலை அப்படியே எடுத்துக்கொண்டது. 1957இல் கார்பரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பும் விருப்பப் பாகமாக வந்தது. 283 கன அங்குல எஞ்சினில் 283 குதிரைத் திறன். அந்த ஆண்டு விற்ற 6,339 கொர்வெட் கார்களில் 1,040 கார்களில் இது இருந்தது. ஆனால் இதைச் சீர்செய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைவு. பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் கிடைத்த கார்பரேட்டரைப் பொருத்திக்கொண்டார்கள்.

எண்ணே பெயரானது

1957 ஜூனில் அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் சங்கம், உறுப்பினர்கள் பந்தயங்களில் ஈடுபடக் கூடாது என்று தீர்மானித்தது. பந்தயப் பாகங்கள் நின்றுபோகவில்லை. கடின உழைப்புக்கான பாகங்கள் என்ற பெயரில் அவை விலைப்பட்டியலில் தொடர்ந்தன. அக்காலப் பட்டியலில் பெரிய பிரேக்கும் தடித்த ஸ்பிரிங்கும் எதற்கு என்று கேட்பவர் இல்லை.

1966இல் டிரான்ஸ் ஆம் பந்தயத்தொடர் தொடங்கியபோது எஞ்சினுக்கு 5 லிட்டர் வரம்பு இருந்தது. செவ்ரொலெட்டில் பணியாற்றிய வின்ஸ் பிகின்ஸ், ஒரு பெரிய எஞ்சினின் உடலில் சிறிய எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டைப் போட்டு 302 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 4.9 லிட்டர் எஞ்சினை உருவாக்கச் செய்தார். இருக்கும் பாகங்களைக் கலந்து புதிய அளவு காண்பது ஹாட் ராட் பட்டறைகளின் பழைய வித்தை. இந்த எஞ்சினுடன் வந்த கமாரோ காருக்குத் தனிப்பெயர் சூட்டவில்லை. விலைப்பட்டியலின் குறியீடான இசட் 28 என்பதே பெயராக நின்றது. 1967இல் 602 கார்கள் மட்டும் விற்றன. கூடுதல் பணம் கொடுத்து இதற்குச் சிறப்புப் புகைக்குழாய்களைக் கேட்டால், அவை பொருத்தப்படாமல் டிக்கியில் வைத்து அனுப்பப்பட்டன. தொழிற்சாலைப் பாகம்தான், ஆனால் மாட்டிக்கொள்வது வாங்கியவர் பாடு.

இன்னொரு வரம்பு நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைக் கமாரோ போன்ற சிறிய கார்களில் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் விதி. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க் ஊரில் செவ்ரொலெட் விற்பனையாளராக இருந்த டான் யென்கோ, 1967 முதல் தம் பட்டறையிலேயே கமாரோவின் எஞ்சினை இறக்கிவிட்டு, 427 கன அங்குலக் கொர்வெட் எஞ்சினை ஏற்றி விற்றார். எஞ்சினும் செவ்ரொலெட், காரும் செவ்ரொலெட், விற்றவரும் செவ்ரொலெட் விற்பனையாளர். ஆனாலும் அது வெளி மாற்றமே.

1969இல் இதற்கு வழி பிறந்தது. வாடகைக் கார், காவல்துறைக் கார் முதலியவற்றுக்காகத் தலைமை அலுவலகம் பிறப்பிக்கும் சிறப்பு உற்பத்தி ஆணை என்ற ஏற்பாடு முன்பே இருந்தது. அதன் வழியாக 427 எஞ்சின் தொழிற்சாலையிலேயே கமாரோவில் ஏற்றப்பட்டு, உத்தரவாதத்துடன் யென்கோவுக்கு வந்து சேர்ந்தது. முந்தைய ஆண்டு வெளி மாற்றமாக இருந்தது இந்த ஆண்டு தொழிற்சாலைப் பொருளாகிவிட்டது. மாறியது ஆணைத்தாள் மட்டுமே.

அதே வழியில் இலினாய் மாநில விற்பனையாளர் ஃபிரெட் கிப், முழுவதும் அலுமினியத்தால் ஆன இசட்எல் 1 எஞ்சினுடன் 50 கமாரோக்களைக் கேட்டார். எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர் என்று விலை வந்தபோது திகைத்துப்போனார். பெரும்பாலான கார்களை விற்க முடியாமல் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வகையில் மொத்தமே 69 கார்கள்தான் செய்யப்பட்டன.

சட்டம் நுழைந்தபோது

1970இல் தூய காற்றுச் சட்டம் வலுப்படுத்தப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றவோ செயலிழக்கச் செய்யவோ விற்பனையாளர்களுக்கும், 1977 முதல் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும், 1990 முதல் எவருக்குமே தடை வந்தது. வெளிச்சந்தைத் தொழில் இதனால் அழிந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1963இல் வேகக் கருவி உற்பத்தியாளர்கள் தொடங்கிய சேமா என்ற சங்கம், 1979இல் தன் பெயரிலிருந்து வேகம் என்ற சொல்லையே எடுத்துவிட்டது. கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் ஒரு நடைமுறையை வகுத்தது. ஒரு வெளிப் பாகம் புகையைக் கூட்டவில்லை என்று சோதனையில் காட்டினால் அதற்கு ஆணை எண் தரப்படும், அதன் பின் அதைச் சாலைக் காரில் பொருத்தலாம். இது நியாயமான ஏற்பாடு. பாகத்தைச் செய்தவர் யார் என்று பாராமல், பாகம் என்ன செய்கிறது என்று பார்க்கிறது.

மற்றொரு சட்டம் வாங்குபவரின் பக்கம் நின்றது. 1975இல் நடைமுறைக்கு வந்த மாக்னுசன் மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, தன் பெயர் பொறித்த பாகத்தையே பயன்படுத்த வேண்டும் என்று, அதை இலவசமாகத் தராத நிறுவனம் உத்தரவாதத்துக்கு நிபந்தனை போட முடியாது. வெளிப் பாகம் இருக்கிறது என்பதே உத்தரவாதத்தை மறுக்கக் காரணமாகாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் மறுக்கலாம். உரிமையாளர் தம் காரில் கை வைக்கும் உரிமைக்கு அமெரிக்காவில் இன்றும் பெரிதாக உதவுவது இந்தச் சட்டமே.

சேகரிப்பாளர் சந்தையில்

கொர்வெட்டிலிருந்து கழற்றி எறியப்பட்ட எரிபொருள் பீய்ச்சும் அமைப்புகளை இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். 1960களில் அடுத்தடுத்து எஞ்சின் மாற்றப்பட்ட கார்களில், தொழிற்சாலையில் ஏற்றிய அதே எஞ்சின் இருக்கிறதா என்பதே இப்போது முதல் கேள்வி. எஞ்சின் உடலில் பொறித்த எண்ணும் காரின் எண்ணும் பொருந்தினால் மதிப்பு பல மடங்கு. கிப் திருப்பி அனுப்பிய இசட்எல் 1 கார்கள் ஏலங்களில் பல லட்சம் டாலர் பெறுகின்றன. சாதாரணக் கமாரோவில் அதே அளவு எஞ்சினை ஏற்றி, அதே பட்டைகளை ஒட்டிச் செய்யப்படும் நகல்களும் உண்டு. ஓட்டிப் பார்த்து வேறுபாடு காண்பது கடினம். எனவே பழைய கமாரோவை வாங்க வருபவர்கள் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்திலும் கையை விட்டுத் துழாவுகிறார்கள். எந்தப் பாகங்களைப் பொருத்த வேண்டும் என்று தொழிலாளர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த தாள், வேலை முடிந்ததும் சில சமயம் அங்கேயே விட்டுவிடப்பட்டது.