குப்பை என்று யார் முடிவு செய்வது? – கிட் பராமரிப்புக் கட்டளையின் கதை

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு நாள் வேலையை நானே என் கையால் அழித்தேன். ஸ்டாஷில் போட்டு வைத்திருந்த மாற்றங்களைத் தவறான பிராஞ்சில் ‘பாப்’ பண்ணிவிட்டேன். பதற்றத்தில் ஹார்ட் ரீசெட். பாப் வெற்றிகரமாக முடிந்ததால் ஸ்டாஷ் பட்டியலிலிருந்தும் அது போய்விட்டது. இதெல்லாம் நடந்ததை அப்போது கவனிக்கவே இல்லை. அதற்குள் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பில்ட் நின்றுபோனது. இடம் பிடிப்பதற்காக ‘கிட் ஜிசி’யை, உடனே அழி என்ற ஆப்ஷனோடு ஓட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை பக்கத்து சீட் தம்பி ஆறுதல் சொன்னான்: “அண்ணா, பயப்படாதீங்க. எஃப்எஸ்சிகே போட்டு அனாதையா இருக்கிற கமிட்டைத் தேடினா கிடைச்சிடும்.” தேடினோம். ஒன்றுகூட இல்லை. “ஜிசி ஏதாவது ஓட்டினீங்களா?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

ஆப்ஷன் எதுவும் போடாமல் சும்மா ‘கிட் ஜிசி’ என்று அடித்திருந்தால் அந்தக் கமிட் இன்னும் இரண்டு வாரம் அங்கேயே கிடந்திருக்கும். அந்த இரண்டு வாரக் கணக்கை யார், எதற்காக வைத்தார்கள்? அங்கிருந்துதான் இந்தத் தோண்டல் தொடங்கியது. கிட்டின் வரலாற்றைத் தேட வேறெங்கும் போக வேண்டாம். அதன் மூலநிரலே கிட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் யார் செய்தது, என்று செய்தது, ஏன் செய்தது என்று எழுதியிருக்கிறது. சிதைந்த கல்வெட்டில் ஆட்சியாண்டைத் தேடி அலைபவர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியபோது சுத்தம் செய்வது பற்றிய கவலையே இல்லை. லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்தி வந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் பறிபோன அவசரம் அது. அமைப்பு மிக எளிமை: ஒவ்வொரு ஃபைலின் ஒவ்வொரு வடிவமும், ஒவ்வொரு கமிட்டும் சுருக்கப்பட்டுத் தனித்தனி ஃபைலாக உட்காரும். அதன் எஸ்எச்ஏ-1 எண்தான் பெயர். எழுதியதை மாற்றுவது கிடையாது. அன்றைக்கு ஏற்றிய கெர்னலிலேயே 17,000-க்கு மேல் ஃபைல்கள். ஒரு எழுத்தைத் திருத்தினாலும் முழு ஃபைலின் புது நகல் ஒன்று சேரும். இது தாங்காது என்பது சீக்கிரமே தெரிந்து, அதே ஜூனில் ‘பேக்’ வந்தது: பல ஆப்ஜெக்ட்களை ஒரே ஃபைலில் அடுக்கி, ஒத்த வடிவங்களுக்கு இடையேயான வித்தியாசத்தை மட்டும் வைப்பது.

ஆனால் பேக் தானாக நடக்காது. பயனாளர்தான் ஞாபகம் வைத்து ஒரு கட்டளை ஓட்ட வேண்டும். தேவையற்றதை அழிக்க இன்னொன்று, ரெஃப்களை அடுக்க இன்னொன்று. 2006 டிசம்பர் கடைசியில் ஷான் பியர்ஸ் இவற்றையெல்லாம் வரிசையாக ஓட்டும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். அதுதான் ‘கிட் ஜிசி’. கார்பேஜ் கலெக்‌ஷன், அதாவது குப்பை அள்ளுதல். வேலை செய்யும் வரிகள் ஐந்தே ஐந்து. 2007 பிப்ரவரியில் வந்த 1.5.0 பதிப்பில் அது சேர்ந்தது.

அந்த ஐந்தில் ஒன்று ‘புரூன்’. எந்தப் பிராஞ்சிலிருந்தும், எந்தக் குறியிலிருந்தும் எட்ட முடியாத ஆப்ஜெக்ட்டைக் குப்பை என்று அழிப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், நீங்கள் ஒரு கமிட் போடும்போது கிட் முதலில் ஆப்ஜெக்ட்களை எழுதும், பிறகுதான் பிராஞ்சை நகர்த்தும். அந்த இடைப்பட்ட நொடியில் பார்த்தால் புதுக் கமிட்டும் அனாதைதான். அந்த நொடியில் இன்னொரு ஜன்னலில் புரூன் ஓடினால், பிறந்த குழந்தையைக் குப்பை என்று தூக்கி எறிந்துவிடும். பிராஞ்ச் எதுவுமில்லாத இடத்தைச் சுட்டி நிற்கும்.

இதை அவர்கள் உடனே உணர்ந்துவிட்டார்கள். புரூனை இயல்பாக ஓட்டாமல், கேட்டால் மட்டும் ஓட்டும்படி மாற்றினார்கள். கேட்டால் மட்டும் என்றால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள், குப்பை குவியும். 2008 மார்ச்சில் யோஹான்னஸ் ஷிண்டெலின் ஒரு சமரசம் செய்தார்: புரூன் எப்போதும் ஓடட்டும், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதை மட்டுமே தொடட்டும். எந்தக் கமிட்டும் எழுதி முடிக்க இரண்டு வாரம் எடுக்காது, இல்லையா? என்னைப் போன்ற அவசரக்காரனுக்குத் தவறை உணரவும் அவகாசம் கிடைக்கும். நான் தேடிய இரண்டு வாரம் இதுதான். ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகள் மோதுவதைத் தடுக்க வைத்த வேலி, மனிதனின் மறதிக்கும் வேலியானது. அந்த வேலியைத்தான் நான் ஒரு ஆப்ஷன் போட்டுத் தாண்டியிருக்கிறேன்.

இதற்கிடையில் 2007 செப்டம்பரில் ஜூனியோ ஹமானோ ஆட்டோ ஜிசியைச் சேர்த்தார். மெர்ஜ், ரீபேஸ் போன்ற கட்டளைகள் முடிந்ததும் கிட் தானே பார்க்கும்: பேக் ஆகாத ஆப்ஜெக்ட்கள் சுமார் 6,700-ஐத் தாண்டிவிட்டனவா? தாண்டினால் ஜிசி. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எண்ணும் முறை. ஆப்ஜெக்ட்கள் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைக் கொண்டு 256 ஃபோல்டர்களில் பிரிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் எண்ணினால் நேரமாகும். எஸ்எச்ஏ-1 எல்லா ஃபோல்டருக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடும் என்பதால், ‘17’ என்ற ஒரே ஃபோல்டரைத் திறந்து எண்ணினால் போதும். 6,700-ஐ 256-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 27. அந்த ஃபோல்டரில் 27-க்கு மேல் இருந்தால் வீடு முழுக்கக் குப்பை என்று முடிவு. ஒரு சோறு பதம்தான். ஏன் 17? எதை எடுத்தாலும் ஒன்றுதான், அதனால் 17.

நல்ல யோசனை, ஆனால் வேலை நடுவில் வந்து நிற்கும். அவசரமாக மெர்ஜ் பண்ணிக்கொண்டிருப்பீர்கள், ரெப்போவைச் சீராக்குகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்துவிடும். 2014-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அது பின்னணிக்குப் போனது. அதிலும் ஒரு வேடிக்கை. எட்ட முடியாத ஆப்ஜெக்ட்கள் நிறைய இருந்து, அவை எல்லாமே இரண்டு வாரத்துக்குள் பிறந்தவை என்றால், ஜிசி ஓடியும் எண்ணிக்கை குறையாது. அடுத்த கட்டளைக்குப் பிறகு மறுபடி எண்ணும், மறுபடி ஓடும். பாதுகாப்பு வேலியும் ஆட்டோ ஜிசியும் ஒன்றையொன்று துரத்தும்.

பெரிய மாற்றத்துக்கான அழுத்தம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: மைக்ரோசாஃப்ட். 2017-இல் விண்டோஸின் மூலநிரலைக் கிட்டுக்கு மாற்றினார்கள். சுமார் 35 லட்சம் ஃபைல்கள், 300 ஜிபி ரெப்போ, ஏறக்குறைய 4,000 பொறியாளர்கள். இந்த அளவில் ஜிசி என்பது நடக்கிற காரியமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே பேக்காக மறுபடி எழுத வேண்டும், புதியதை எழுதி முடிக்கும்வரை பழையதையும் வைத்திருக்க வேண்டும். இரண்டு மடங்கு இடத்துக்கு எங்கே போவது? முதலில் விஎஃப்எஸ் ஃபார் கிட் என்ற மெய்நிகர் ஃபைல் அமைப்பு, பிறகு 2020-இல் ஸ்கேலார் என்று இதற்கான கருவிகளை அவர்களே எழுதினார்கள். ஸ்கேலார் பராமரிப்பைத் துண்டு துண்டாகப் பின்னணியில் செய்தது. அந்தக் குழுவின் டெரிக் ஸ்டோலி (கணிதத்தில் முனைவர், பேராசிரியர் வேலையை விட்டு வந்தவர்) அந்த வசதியைக் கிட்டுக்குள்ளேயே கொண்டுவர நினைத்தார்.

2020 ஏப்ரலில் அவர் முன்வைத்த முதல் வடிவத்தில் கட்டளையின் பெயர்கூட வேறு. வேலைகளை ஓட்டுவதற்கென்று கிட்டுக்குள்ளேயே தனியாக ஒரு ‘ஜாப் ரன்னர்’ இருந்தது. கடைசியில் வந்தது எளிமையான வடிவம்: நேரம் பார்க்கும் பொறுப்பு க்ரான் போன்ற இயங்குதளக் கருவிக்கு, என்ன செய்வது என்பது மட்டும் கிட்டுக்கு. அக்டோபரில் 2.29 பதிப்பில் ‘கிட் மெயின்டனன்ஸ்’ பிறந்தது. டிசம்பரில் 2.30-இல் பின்னணி அட்டவணை சேர்ந்தது. மணிக்கொரு முறை செய்வது, தினமும் செய்வது, வாரமொரு முறை செய்வது என்று பிரிவுகள்.

இந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மெயின்டனன்ஸைத் தொடங்கிவைத்தால் அந்தப் பின்னணி அட்டவணையில் ஜிசியே இல்லை! தினசரி வேலை ஒன்று உதிரி ஆப்ஜெக்ட்களைப் பேக் செய்கிறது, ஒரு முறைக்கு 50,000 என்ற கணக்கில். எது எட்டக்கூடியது, எது அனாதை என்று அது கேட்பதே இல்லை, எல்லாவற்றையும் கட்டி வைக்கிறது. உதிரி நகலையும் உடனே அழிப்பதில்லை. இன்று பேக் செய்ததன் உதிரி நகல் அடுத்த முறைதான் போகும். நடுவில் யாராவது அதைப் படித்துக்கொண்டிருந்தால் கெடக் கூடாதே. சின்ன பேக்குகளைப் பெரியதாக்கும் வேலையும் அப்படித்தான், பழைய பேக் அடுத்த சுற்றில்தான் நீங்கும். 2006-இன் அந்த ஐந்து வரிகளில் அடுக்குவதும் அழிப்பதும் ஒன்றாகக் கிடந்தன. பதினான்கு வருடம் கழித்து இரண்டையும் பிரித்துவிட்டார்கள்.

‘ப்ரீஃபெட்ச்’ வேலையிலும் இதே ஜாக்கிரதை தெரிகிறது. மணிக்கொரு முறை சர்வரிலிருந்து புதியவற்றை இறக்கி வைக்கும், ஆனால் நீங்கள் பார்க்கும் ரிமோட் பிராஞ்சுகளை நகர்த்தாது. தனக்கென்று ஒரு மறைவான இடத்தில் குறித்துக்கொள்ளும். நகர்த்தினால் என்ன என்று தோன்றலாம். ஃபோர்ஸ் புஷ் செய்யும்போது ‘நான் கடைசியாகப் பார்த்த நிலை மாறவில்லை என்றால் மட்டும்’ என்று ஒரு பாதுகாப்பு ஆப்ஷன் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் அந்த ‘கடைசியாகப் பார்த்த நிலை’ முன்னேறிவிட்டால், பார்க்காததையும் பார்த்ததாகக் கிட் நம்பும். சக ஊழியரின் கமிட்டை நீங்கள் அழித்துவிடுவீர்கள்.

எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்துவிட்டார்கள் என்றும் இல்லை. எல்லோருடைய கணினியும் மணி அடித்தவுடன் ஒரே நிமிடத்தில் சர்வரைத் தட்டினால் என்ன ஆகும்? ஆளுக்கொரு நிமிடத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தம் 2023-இல்தான் வந்தது. அனாதை ஆப்ஜெக்ட்களைத் தேதியோடு ஒரே பேக்கில் ஒதுக்கி வைக்கும் ‘கிரஃப்ட் பேக்’ 2022-இல் வந்தது, அடுத்த வருடம் ஜிசியின் இயல்பு வழக்கமே ஆனது. மேலே சொன்ன துரத்தல் விளையாட்டு அதோடு ஓய்ந்தது.

என் பழைய லேப்டாப்பில் 2.30 பதிப்போடு மெயின்டனன்ஸைத் தொடங்கிவைத்து, பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் உதிரி ஆப்ஜெக்ட்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன. க்ரான் அட்டவணையைத் திறந்தேன். தினசரி வேலை நள்ளிரவு 12 மணிக்கு. அந்த நேரத்தில் என் லேப்டாப் மூடிக் கிடக்கும், க்ரான் தவறவிட்டதைத் திரும்ப ஓட்டாது. விட்டுப்போனதை எழுந்தவுடன் ஓட்டும் சிஸ்டம்டி டைமர் 2.34-இல்தான் வந்தது. இப்போது அதற்கு மாறிவிட்டேன். 17-ஆம் ஃபோல்டரை மட்டும் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்கிறேன். நேற்று அதில் மூன்று ஃபைல் இருந்தன.